நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாக

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து “நல்லா இருக்கீகளா?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்று பதில் வராது. வந்தால், பதில் சொன்னவர் வெளியூர்க்காரர், இல்லாவிட்டால் ஓட்டுக் கேட்டு வந்தவர். மற்ற எல்லாரும் முதலில் ஒரு மூச்சை இழுப்பார்கள். பிறகு இடுப்பைத் தொடுவார்கள். “என்னத்தச் சொல்ல, பிடிச்சுக் கெடக்கு.” “ஏதோ ஓடுது.” “இந்த மூட்டுதான் ஆள விட மாட்டேங்குது.” பத்து இட்லியை விழுங்கிவிட்டுக் கை கழுவ எழுந்திருக்கும்போதே “வாய்க்கு ருசியே தட்டல” என்பார்கள். சின்னமனூரில் பஸ் ஏறி ஓடைப்பட்டியில் இறங்குவதற்குள் ஒரு பெரியாஸ்பத்திரியின் அத்தனை வார்டுகளும் நம் காதில் ஏறிவிடும். ஓடைப்பட்டி வந்ததும் அதே நோயாளிகள் இறங்கி, மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போவார்கள்.

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பூசணிக்காயில் கண்ணும் மீசையும் வரைந்து வாசலில் கட்டுகிறோமே, அது பொய்யா? வீட்டு வாசலுக்கு ஒரு பூசணிக்காய், உடம்பின் வாசலுக்கு ஒரு வலி. பார்க்கிற கண் அதில் பட்டு அங்கேயே தெறித்துவிட வேண்டும். நன்றாக இருப்பதை வாய்விட்டுச் சொன்னால், சொன்ன மூச்சோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும் என்பது கம்பம் பள்ளத்தாக்கின் மருத்துவ அறிவு. சாதியில், சாமியில், கட்சியில், வாய்க்கால் தண்ணீரில் ஒத்துப்போகாத ஊர்கள் இதில் மட்டும் ஒரே குரல்.

அந்தப் பூசணிக்காயைத்தான் ஒரு காப்பீட்டுக் கம்பெனி அறுத்து எடுத்துக்கொண்டு போய், கோப்பில் வைத்துத் தைத்து, மேலே “முன்பே இருந்த நோய்” என்று எழுதியது.

என் அண்ணனுக்கு ஓடைப்பட்டியில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை. மற்ற வெள்ளாமை எல்லாம் குனிந்து செய்வது. திராட்சை நிமிர்ந்து செய்வது. கல்தூண்கள், தூண்களின் மேல் கம்பிப் பந்தல், பந்தலின் மேல் கொடி, கொடிக்குக் கீழே மனிதன். கிளை கழிக்கிற கவாத்தும், தளிரை வளைத்துக் கட்டுவதும், குலையை வெட்டுவதும் எல்லாம் கையைத் தூக்கித்தான். போலீஸ்காரன் துப்பாக்கியைக் காட்டியதுபோல நாளெல்லாம் இரண்டு கையும் மேலே. இலைகளுக்கு நடுவில் கிழிந்து கிழிந்து விழுகிற வெயிலை முகத்தில் வாங்கியபடி அண்ணன் பந்தலுக்கடியில் நடப்பதைப் பார்த்தால், யாரோ ஒரு ஆள் பச்சை நிறத்தில் ஓடுகிற ஆற்றின் அடித்தரையில் நடந்து போவதுபோல இருக்கும். மாலையில் கையை இறக்கும்போது “தோளு செத்துப்போச்சுடா” என்பார். பத்து வருடமாக ஒவ்வொரு மாலையும் செத்த தோள் ஒவ்வொரு காலையும் எழுந்து மேலே போனது. எங்கள் வீட்டில் அது வலியே இல்லை. மில்லில் சங்கு ஊதுவதுபோல, இன்றைய வேலை முடிந்தது என்பதற்கு ஓர் அறிவிப்பு.

போன வருடம் கோடைக் காற்றில் பந்தலின் மூலைத் தூண் சாய்ந்தது. அண்ணன் கம்பியை முறுக்கி இழுத்து அதை நிமிர்த்தப் பார்த்தார். கம்பி அறுந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்குகிற கல் அவருடைய வலது தோளில் வந்து உட்கார்ந்தது.

தேனியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்த மருத்துவர் சின்ன வயசு. தூக்கமில்லாத கண். தோளைப் பார்த்தார், படம் எடுக்க எழுதினார், மதினியிடம் கேட்டார்.

“இதுக்கு முன்னால இந்தத் தோள்ல ஏதாவது தொந்தரவு இருந்துச்சாம்மா?”

மதினி திகைத்து நின்றதை நான் பார்த்தேன். உண்மையான பதில் அவருக்குத் தெரியும். நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் எங்கள் ஊரில் அந்த வாக்கியம் இன்னோர் இடத்துக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. எழவு வீட்டில், வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில், மாலை கொண்டு வந்தவர்களிடம் சொல்கிற வாக்கியம் அது. “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாக.” புருஷன் கட்டிலில் முனகிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண்டாட்டி அந்த வாயைத் திறப்பாள்?

“இருந்துச்சு சார்” என்றார் மதினி. “பத்து வருசமாவே தோளு வலின்னுதான் சொல்லுவாக. தைலம் தேய்க்காத நாளு கெடையாது.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். படித்த முகம் என்று நினைத்திருப்பார். நானும் சும்மா இருக்கவில்லை. “கழுத்தும் வலிக்கும்னு சொல்வாரு டாக்டர்” என்றேன். அண்ணனை முழுசாகக் காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு.

மருத்துவர் எழுதிக்கொண்டார்.

எலும்பில் தகடு வைத்துத் தைத்தார்கள். அறுந்த நரம்பு அறுந்ததுதான் என்றார்கள். கட்டுப் பிரித்துப் பல மாதம் ஆன பின்னும் வலது கை மார்பு உயரத்துக்கு மேலே போகவில்லை. சோறு சாப்பிடலாம், கையெழுத்துப் போடலாம், கும்பிடலாம். திராட்சைக்குலையைத் தொட முடியாது. மனிதனுக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு முழம். அந்த ஒரு முழம்தான் அண்ணனின் வாழ்க்கை.

பாலிசி ஒன்று இருந்தது. பம்புசெட்டுக் கடன் வாங்கியபோது, மதினிக்குத் தூரத்து உறவான ஏஜெண்ட் ஒருவர் தலையில் கட்டிய விபத்துப் பாலிசி. விபத்தில் கையோ காலோ செயலிழந்தால் பணம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: தற்போது பூரண ஆரோக்கியத்துடன் இருக்கிறீர்களா? ஏஜெண்ட் அதைத் தமிழில் வாசித்ததும் அண்ணன் பதறிவிட்டார்.

“பூரணமாவா? அப்படியெல்லாம் எழுதாதீக மாப்ள. ஏதோ இருக்கேன்னு எழுதுங்க.”

“ஏதோன்னு எழுத இதுல எடம் இல்ல மாமா. ஆமா, இல்ல, ரெண்டே கட்டம். இல்லன்னு போட்டா பாலிசி கெடையாது.”

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஏஜெண்டே ‘ஆம்’ கட்டத்தில் ஒரு டிக் போட்டார். அன்று சாயங்காலம் மதினி அந்த டிக்குக்காகச் சூடம் கொளுத்திச் சுற்றிப்போட்டார். சூடம் சரியாக எரியவில்லை என்று இப்போது சொல்கிறார்.

கம்பெனியின் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. நான் தேனியில் ஓர் அச்சாபீஸில் பிழை திருத்துகிறவன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் என் கண்ணைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். இடையிடையே வசன கவிதை எழுதுகிற கெட்ட பழக்கமும் உண்டு. எனவே குடும்பத்தில் வருகிற எல்லா ஆங்கிலத்துக்கும் நான்தான் பொறுப்பு. வாசித்து வாசித்துச் சொன்னேன்: தோள் செயலிழந்ததற்குக் காரணம் விபத்து அல்ல, விபத்துக்கு முன்பே இருந்த நோய். அப்படிப்பட்ட நோய்க்குப் பாலிசியில் இடமில்லை. அதோடு அந்த நோயை மறைத்து ‘ஆரோக்கியம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே மறுக்கப்படுகிறது. தங்கள் உண்மையுள்ள.

இரண்டு பக்கக் கடிதத்தில் ‘கல்’ என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்தது. தைலம் மூன்று தடவை. நாலு ஆள் தூக்குகிற கல் கம்பெனியின் கண்ணில் படவில்லை, மதினியின் உள்ளங்கையில் இருந்த நாலு சொட்டுத் தைலம் பட்டுவிட்டது. என்ன கூர்மையான கண்! திருஷ்டி என்றால் இதுவல்லவா திருஷ்டி.

அண்ணன் நிதானமாகக் கேட்டார்.

“ஏலே, அப்ப கல்லு விழுகுறதுக்கு முன்னாலயே கை போயிருச்சுங்குறாகளா?”

“அப்படித்தான் எழுதியிருக்காக.”

“பின்ன கம்பிய எந்தக் கையால இழுத்தேனாம்?”

இந்தக் கேள்விக்கு எந்தக் கட்டத்திலும் டிக் போட முடியாது.

கடிதத்தோடு இரண்டு ஆதாரங்கள் இணைத்திருந்தார்கள். ஒன்று ஆஸ்பத்திரிக் குறிப்பு: மனைவி சொன்னது, தம்பி சொன்னது, கழுத்து உட்பட. இன்னொன்று விசாரணை அறிக்கை. அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. சில மாதம் முன்பு ஸ்கூட்டரில் ஓர் ஆள் ஊருக்குள் வந்து, டீக்கடையில் உட்கார்ந்து, அண்ணனைப் பற்றி அன்பாக விசாரித்துவிட்டுப் போனார். ‘முன்னாடி எப்படி இருந்தாரு? கை நல்லா இருந்துச்சா?’ என்று. ஊர் அவரை இரண்டு விதமாகப் பார்த்தது. முன்பின் தெரியாத ஆள், கண் எப்படிப்பட்டதோ என்று பாதிப் பேர். ஏதோ நிவாரணம் கொடுக்க வந்தவர், நோயைக் கூட்டிச் சொன்னால் தொகை கூடும் என்று மீதிப் பேர். இரண்டு பாதியும் ஒரே பதிலில் வந்து சேர்ந்தன.

டீக்கடைக்காரரை நான் போய்க் கேட்டேன்.

“என்னண்ணே சொன்னீக அந்தாளுகிட்ட?”

“நல்லதாத்தான் சொன்னேன் தம்பி. பாவம், வருசக் கணக்கா கையத் தூக்க மாட்டாரு, டீ கிளாசே ரெண்டு கையாலதான் பிடிப்பாருன்னேன்.”

“எப்ப ரெண்டு கையால பிடிச்சாரு?”

“மார்கழியில. குளுருக்கு.”

அவருக்குத் தாம் செய்த உதவி போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். “வேணும்னா மறுக்கா வரச் சொல்லுங்க, சக்கரையும் இருக்குன்னு சொல்றேன்” என்றார்.

பக்கத்து மளிகைக்கடை, உரக்கடை, முடிவெட்டுகிறவர் என்று அறிக்கையில் ஆறு வாக்குமூலங்கள். ஒருவர் விடாமல் அண்ணனைப் பாதுகாத்திருக்கிறார்கள். ஓர் ஊரே சேர்ந்து ஒரு மனிதன்மேல் இவ்வளவு பாசம் வைத்து அவனை இவ்வளவு கச்சிதமாக ஒழித்துக்கட்டியதை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இதற்கிடையில் பந்தலுக்கு விலை பேச ஆள் வந்துவிட்டார். கடமலைக்குண்டிலிருந்து. பழைய கல்தூண்களை வாங்கி வேலிக்கு விற்கிறவர். திராட்சைக்காரன் வீட்டில் கை ஒடிந்தால் முதலில் மருத்துவருக்கும் இரண்டாவது கல் வியாபாரிக்கும் செய்தி போகும். கவாத்துக்கு ஆள் வைத்துச் செய்ய அண்ணனால் முடியாது. இத்தனை வருடமாக அவருடைய இரண்டு கையும்தான் ஆறு ஆளின் வேலை. பாலிசிப் பணம் வந்தால் பந்தல் நிற்கும், வராவிட்டால் பந்தலைப் பிரித்துவிட்டு, குனிந்து செய்கிற ஏதாவது ஒரு பயிருக்குப் போக வேண்டும். கல் வியாபாரி தூண் தூணாகத் தட்டிப் பார்த்து, நல்ல கல்லில் எல்லாம் சுண்ணாம்பால் குறி போட்டார். கவாத்துக் காலத்துக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தோட்டத்துக்குள் போனால் தூணெல்லாம் விபூதி பூசிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். பக்தியாக இல்லை, பயமாக இருக்கும்.

மேல்முறையீடு எழுத உட்கார்ந்தேன். ‘மேகம் இறங்கி அமர்ந்துபோகும் தோள் அது’ என்று தொடங்கினேன். மதினி இரண்டு வரி கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, கோவிச்சுக்கிறாதீக. மேகமெல்லாம் உக்காந்துருக்குன்னா, பின்ன ஏன் வலிக்காதுன்னு கேப்பாக.”

மேகத்தை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தேன். இலக்கியத்துக்கு நட்டம், மனுவுக்கு லாபம்.

சாட்சி வேண்டுமே. ஊரில் யாரைக் கேட்டாலும் அண்ணனுக்கு இன்னும் ஒரு நோயைச் சேர்த்து எழுதிக் கொடுப்பார்கள். கடைசியில் உத்தமபாளையத்துப் பாய் ஞாபகத்துக்கு வந்தார். பல வருடமாக அண்ணனிடம் பழம் எடுக்கிற வியாபாரி. அவர் கடையில் போய் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“தம்பி, ஒங்க ஊரு பாஷை எனக்கு அத்துபடி. அண்ணன் போன்ல ‘இந்தத் தடவ ஒண்ணும் தேறாது பாய்’னு சொன்னாகன்னா, ஒரு வண்டிக்கு ரெண்டு வண்டி அனுப்புவேன். ‘பரவால்ல பாய், வாங்க’ன்னு சொன்னாத்தான் பயம். அன்னைக்குத் தோட்டம் நெசமாவே படுத்துருச்சுன்னு அர்த்தம்.”

“இதை எழுதிக் குடுப்பீகளா?”

“குடுக்குறேன். கல்லு விழுகுறதுக்கு முந்தின அறுப்புல அண்ணன் தன் கையாலதான் பெட்டியத் தூக்கி லாரியில அடுக்குனாக. தலைக்கு மேல அஞ்சு வரிசை. அடுக்கிக்கிட்டே என்கிட்ட ‘தோளு செத்துப்போச்சு பாய்’னு சொன்னாக. நான்தான் எடை போட்டேன். செத்த தோளு அம்புட்டுத் தூக்காது.”

எழுதிக் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து, “என் வியாபாரமும் டல்லுதான் தம்பி” என்றார். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம்.

மதுரைக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். கம்பெனிக்கு வெளியே, குறை கேட்டு முடிவு சொல்கிற ஓர் அதிகாரி. மூன்று பேரும் பஸ் ஏறினோம். தேனி தாண்டியதும் நான் அண்ணனுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

“அண்ணே, ஒரே கேள்விதான் கேப்பாக. கல்லு விழுகுறதுக்கு முன்னால கை நல்லா இருந்துச்சான்னு. நல்லாருந்துச்சுன்னு சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“சரி.”

“எங்க, சொல்லுங்க.”

“அங்கன போய்ச் சொல்றேன்.”

“இங்கன ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன்.”

“பஸ்ல வச்சா? ஆண்டிபட்டிக் கணவாய் வேற வருது. வளைவு தாண்டட்டும்.”

கணவாய் தாண்டியது. அண்ணன் வாயைத் திறந்தார். “என்னத்த, ஏதோ நல்லா…” என்று தொடங்கி, “ஓடிச்சு” என்று முடித்தார். மறுபடி முயன்றார். “அப்படி ஒண்ணும் மோசமில்ல.” முன் சீட்டிலிருந்த மதினி திரும்பிப் பார்த்தார்.

“ஓடுற வண்டியில ஒக்காந்துக்கிட்டு அந்தப் பேச்சப் பேசாதீக ரெண்டு பேரும். தாலியோட ஒரு பொம்பள இருக்கேன்ல.”

உசிலம்பட்டியில் பஸ் நின்றபோது அண்ணன் டீ குடித்தார், இடது கையால். “நீயே சொல்லிரேன்டா. எழுதுற ஆளுதான நீ” என்றார். கையெழுத்தை இன்னொருவர் போடலாம். டிக்கை இன்னொருவர் போடலாம். இதை மட்டும் யார் போட்டுக் கொடுப்பது?

அலுவலகம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஊனமுற்றவர்களின் குறை கேட்கிற இடத்துக்கு அது ஒரு முதல் கட்டச் சோதனை போலும். அதிகாரிக்கு ஓய்வு பெறுகிற வயசு. கம்பெனி சார்பில் டை கட்டிய ஓர் இளைஞர், கையில் எங்கள் கோப்பு. அண்ணன் உள்ளே போனதும், மார்பு உயரத்துக்குக் கையைக் கூப்பி, பழக்கத்தில் கேட்டார்.

“சார், நல்லாருக்கீகளா?”

அதிகாரியும் பழக்கத்தில் பதில் சொன்னார். “எங்க நல்லா இருக்கேன். முட்டி வலி. மாடி ஏற முடியல. ஏதோ ஓடுது.”

அண்ணன் டை கட்டிய இளைஞரைக் கண்ணால் காட்டி, உண்மையான அக்கறையோடு சொன்னார்.

“சூதானமா இருங்க சார். அந்தத் தம்பி எழுதிக்கிருவாரு.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அதை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துச் சமாளித்தார். இளைஞருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எழுந்து, மனைவி சொன்னது, தம்பி சொன்னது, ஆறு ஊர்க்காரர்கள் சொன்னது எல்லாவற்றையும் வாசித்தார். நல்ல குரல். என் வாக்கியம் அதில் வந்தபோது, கழுத்தும் வலிக்கும் என்று, எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் பாய் எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கோப்பை மூடிவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“யார் யாரோ என்னென்னமோ சொல்லியிருக்காங்க. நீங்க சொல்லுங்க. கல் விழுறதுக்கு முன்னால கை நல்லா இருந்துச்சா, இல்லையா?”

மின்விசிறி சுற்றியது. அண்ணன் அதை எட்டாத குலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தலைக்கு மேலே இருக்கிற எதையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார் இப்போதெல்லாம். மதினி நாற்காலியை விட்டு எழுந்தார்.

“நான் வெளிய நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அண்ணன் காத்திருந்தார்.

“நல்லாத்தான் இருந்தேன் சார்.”

குரல் அவ்வளவு தணிவாக இருந்தது. இளைஞர் காதைச் சாய்த்தார்.

“நேத்து வரைக்கும்னு சொல்லுவாகல்ல, அப்படி. ரெண்டு கையும் மேல போகும் சார். காலையில தூக்குனா சாயங்காலந்தான் எறக்குவேன். பந்தல் மேல கொடி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கவே வேணாம், வெரலு பாத்துக்கும். குலையத் தொட்டாலே எம்புட்டு எடைன்னு சொல்லிருவேன். எங்க ஊருல என்னைய மாதிரி கவாத்துப் பண்ண ஆளு கெடையாது சார். வலின்னு சொல்லுவேன். சும்மா சொல்லுவேன். ஒரு நா கூட நெசமா வலிச்சது கெடையாது.”

என் அண்ணன் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஐம்பத்து மூன்று வருடம் யார் கண்ணும் படாமல் ஒளித்து வைத்திருந்த உடம்பை, ஒரு மாடி அறையில், டை கட்டிய ஒருவருக்கு முன்னால், அது போய்ச் சேர்ந்த பிறகு, எடுத்துக் காட்டினார். எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் எனக்கு இருந்தது. இறந்துபோனவர் தானே வந்து வாசலில் நின்று, வந்தவர்களிடம் தன் அருமை பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் குனிந்து, இடது கையால் தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அதிகாரி அதற்கு விளக்கம் கேட்கவில்லை. அவருக்கும் முட்டி வலி இருக்கிறது அல்லவா.

உத்தரவு வர வாரங்கள் ஆயின. கவாத்துக் காலம் நெருங்கி, கல் வியாபாரி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். வந்த உத்தரவில் கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தது. கல் விழுந்தது, அதனால் தோள் போனது என்று அரசாங்கக் காகிதத்தில் முதன்முறையாகக் கல் தன் உரிய இடத்தில் உட்கார்ந்தது. ஆனால் முழுசாக இல்லை. ஐம்பது வயது தாண்டியவருக்கு மூட்டுத் தேய்மானம் இயல்பு என்பதால், அந்தத் தேய்மானத்துக்கென்று ஒரு பகுதி கழிக்கப்பட்டிருந்தது. அதாவது, வயசானது அண்ணனின் தப்பு. இன்னும் தோண்டிப் போனால் பிறந்ததுதான் முன்பே இருந்த நோய். அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் பிறந்த தேதி என்ற கட்டத்தில் நேர்மையாக எழுதிக் கொடுத்தும் இருக்கிறார்.

கழித்தது போக வந்தது இரண்டு கவாத்துக்கு ஆள் வைக்கப் போதும். மூன்றாவது கவாத்து கொடியின் கையில்.

டீக்கடையில் கேட்டார்கள். “பணம் வந்துருச்சாம்ல?” அண்ணன் மூச்சை இழுத்தார். “என்னத்த வந்துச்சு. வந்ததும் தெரியல, போனதும் தெரியல.” கேட்டவர்களுக்கு நிம்மதி. ஆள் தேறிவிட்டார் என்று புரிந்துகொண்டார்கள்.

கவாத்து தொடங்கிய அன்று அனுமந்தன்பட்டியிலிருந்து ஆறு ஆட்கள் வந்தார்கள். பந்தலுக்கடியில் பன்னிரண்டு கை மேலே போனது. அண்ணன் கீழே நின்று, இடது கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, இந்தக் கிளை, இல்ல அது, அந்தக் கண்ணுக்கு மேல, என்று காட்டிக்கொண்டிருந்தார். குச்சியின் நீளம் ஒரு முழம் இருக்கும். அப்போது கல் வியாபாரி வண்டியோடு வந்து இறங்கினார். கத்தரிக்கோல் சத்தத்தைக் கேட்டபடியே தூண்களின் பக்கம் போனார். அவர் போட்ட சுண்ணாம்புக் குறி மழையில் பாதி அழிந்திருந்தது.

“என்னண்ணே, கல்லு என்னாச்சு? வெல வேணும்னா கொஞ்சம் ஏத்திப் பேசுவோம்.”

அண்ணன் பக்கத்திலிருந்த தூணை இடது உள்ளங்கையால் தட்டினார். கணீரென்று நல்ல கல்.

“கல்லா? அத ஏன் கேக்குறீக. எல்லாம் வெடிச்சுக் கெடக்கு. ஒண்ணு கூடத் தேறாது. ஒங்களுக்கு எதுக்கு வீண் நட்டம்.”

கல் வியாபாரி தூணைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

“குடுக்கலன்னு ஒரு வார்த்தையில சொல்ல வேண்டியதுதான” என்றார். வண்டியில் ஏறும்போது ஞாபகமாகக் கேட்டார். “கை எப்படிண்ணே இருக்கு?”

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பழைய பதில் வரவில்லை. வலிக்கிறது என்று சொல்ல இப்போது அவரால் முடியவில்லை, ஏனென்றால் இப்போது வலிக்கிறது. குச்சியைத் தூக்கி மேலே ஒரு கிளையைக் காட்டி, ஆளிடம், “அத விடு, அது காய்க்கும்” என்றார்.